திரையும் பாலும் ஒட்டும் சோறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தாய்லாந்துப் பச்சைக் கறி வைக்கும்போது தேங்காய்ப்பால் திரைந்து எண்ணெய் மிதக்கிறது. இதை எப்படித் தடுப்பது?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

தடுக்க வேண்டாம். சொதியில் பால் திரைந்தால் குற்றம், இந்தக் கறியில் அதுதான் தொடக்கம். பாலிலுள்ள கொழுப்பைப் பிடித்து வைத்திருப்பது அதன் புரதம். தொடர்ந்து கொதித்தால் புரதம் இறுகும், எண்ணெய் வெளியே வரும். அந்த எண்ணெயில்தான் மசாலாவை வதக்க வேண்டும்.

ஒரு தேங்காயின் முதற்பாலை அரை மணித்தியாலம் அசைக்காமல் வைத்து, மேலே திரண்டதில் அரைக் கோப்பை அள்ளித் தாச்சியில் ஊற்றுங்கள். நடுத்தர நெருப்பில் 5 முதல் 7 நிமிடம் கிண்ட, ஓரத்தில் எண்ணெய் தெளியும். பச்சை மிளகாய் 8, சின்ன வெங்காயம் 6, உள்ளி 5 பல், எலுமிச்சம்புல்லின் அடித்தண்டு 2, மல்லித்தண்டு ஒரு பிடி, கால் தேக்கரண்டி நற்சீரகம், ஒரு தேசிக்காயின் பச்சைத் தோல் சீவல் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் அரைத்து, அந்த எண்ணெயில் பச்சை வாடை போகும்வரை வதக்குங்கள். அங்கே இறால் விழுது சேர்ப்பார்கள். அதற்குப் பதில் வறுத்துப் பொடித்த கூனி ஒரு தேக்கரண்டி போதும். பிறகு மிச்சப் பாலை ஊற்றிக் கோழியைப் போட்டு வேகவிடுங்கள். இறால் என்றால் கடைசி 3 நிமிடத்தில் போடுங்கள், கூடினால் றப்பராகிவிடும். தேசிப்புளியை இறக்கிய பிறகே விட வேண்டும்.

பெட்டித் தேங்காய்ப்பாலிலும் தேங்காய்ப்பால் மாவிலும் பெரும்பாலும் எண்ணெய் பிரியாமலிருக்கப் பொருள்கள் சேர்த்திருப்பார்கள். அப்படிச் சேர்த்த பால் எவ்வளவு கிண்டினாலும் இலேசில் தெளியாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு அதில் வதக்கிக்கொள்ளுங்கள். தேங்காய் இத்தனை கிடைக்கிற ஊரில் பெட்டிப்பால் தேவையா என்பது வேறு கேள்வி!

கீரிச்சம்பாவில் பிரைட் ரைஸ் செய்தால் கட்டியாகிறது. பாஸ்மதிதான் வாங்க வேண்டுமா?
- வாசகர், சம்மாந்துறை

வயலுக்கு நடுவிலிருந்து இப்படியொரு கேள்வியா? அரிசியில் பிழையில்லை, தண்ணீரிலும் சூட்டிலும்தான் பிழை. அரிசியைக் களைந்த தண்ணீர் தெளியும்வரை 4 தரம் கழுவுங்கள். நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டு அவித்து, நடுவில் சிறிய கடினம் இருக்கும்போதே வடியுங்கள். அகன்ற தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஆற்றி, ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பானையோடு இரவு முழுக்க வெளியே விட்ட சோறு வேண்டாம். அதில் பெருகும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது, வாந்தி வரும்.

வீட்டுக் காஸ் அடுப்பில் கடை அடுப்பின் சூடு வராது. ஆகவே ஒரு தடவைக்கு 2 கோப்பைச் சோறுக்கு மேல் போடாதீர்கள். தாச்சி புகையத் தொடங்கியதும் எண்ணெய், முட்டை, உள்ளி, மரக்கறி, சோறு என்ற ஒழுங்கில் போடுங்கள். மரக்கறி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். சோயா சோஸை ஒரு மேசைக்கரண்டி மட்டும், சோற்றின் மேல் ஊற்றாமல் தாச்சியின் ஓரத்தில் விடுங்கள்.

கடலையும் எள்ளும் அரைத்துச் செய்யும் அரபுப் பசையான ஹம்மஸ் மணல்போல வருகிறது, கசக்கவும் செய்கிறது.
- வாசகி, காத்தான்குடி

மணல் தன்மை கொண்டைக்கடலைத் தோலால் வருவது. 200 கிராம் கடலையை இரவு ஊறவைத்து, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவுடன், விரலால் அழுத்தினால் கூழாகும்வரை அவியுங்கள். சூடாக இருக்கும்போதே அரைக்க வேண்டும். கசப்பு எள்ளிலிருந்து வருகிறது: கறுப்பு எள்ளின் தோல் கசக்கும், வறுபட்டுச் சிவந்தால் இன்னும் கூடும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளு 4 மேசைக்கரண்டியை நிறம் மாறாமல் சூடுகாட்டி, முதலில் தனியாக அரைத்துப் பசையாக்குங்கள். அதோடு உள்ளி ஒரு பல், தேசிப்புளி ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு சேர்த்துக் கடலையைப் போட்டு, ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அரைத்தால் வெளுத்து இளகும்.

அவண் இல்லாமல் பீட்சா?
- வாசகர், அக்கரைப்பற்று

கனமான தோசைக்கல் போதும். கோதுமை மா 250 கிராம், தண்ணீர் 160 மில்லிலீற்றர், உப்பு ஒரு தேக்கரண்டி, ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. நம் வெக்கைக்கு ஈஸ்ட் கூடினால் மா புளித்து நாறும், ஒரு மணித்தியாலத்தில் இரட்டித்ததும் எடுத்துவிடுங்கள். இரண்டு வட்டமாகத் தட்டி, ஒரு பக்கம் 3 நிமிடம் சுட்டுத் திருப்புங்கள். சுட்ட பக்கத்தில் சோஸும் சீஸும் வைத்து, மூடியைச் சற்று நீக்கி, குறைந்த நெருப்பில் 6 நிமிடம். முழுதாக மூடினால் ஆவி சொட்டி நொதுநொதுவென்றாகும். மொஸரெல்லா வாங்குங்கள், பாணுக்குப் பூசும் சீஸ் இழைபோல வராது.

சட்டித் தயிரில் கிரேக்கத் தயிர்ச் சட்னி செய்யலாமா?
- வாசகி, வாழைச்சேனை

தாராளமாக. எருமைப்பாலில் பசுப்பாலைவிடக் கொழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பு, மண்சட்டியும் நீரை உறிஞ்சிவிடும். ஆகவே துணியில் கட்டி 2 மணித்தியாலம் வடித்தால் போதும், அதுவும் குளிர்சாதனப் பெட்டிக்குள். வெளியே தொங்கவிட்டால் புளிக்கும். வெள்ளரிக்காயைத் துருவி உப்பிட்டு, 15 நிமிடம் கழித்துக் கையால் இறுக்கிப் பிழிந்து, உள்ளி, தேசிப்புளியோடு கலவுங்கள். பிழியாமல் போட்டால் தயிர் மறுபடி தண்ணீராகும். சுட்ட மீனுக்கு நன்றாகச் சேரும்.