ஜனவரி 26-இல் கறுப்புக்கொடி: கேள்விகளும் பதில்களும்

குடியரசு தினம் நெருங்குகிறது. எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று ஊர்களில் புறக்கணிப்புப் பேச்சு கிளம்பியிருக்கிறது. முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு எடுத்தவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அணைக்கட்டுப் பக்கத்து இளைஞர்: சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனு கொடுத்தே அலுத்துவிட்டோம் சார். இந்த ஜனவரி 26-க்கு வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டிவிட்டு, கிராம சபையையும் புறக்கணிக்கப் போகிறோம். சரிதானே?

கொடி கட்டுங்கள் தம்பி. கிராம சபையைப் புறக்கணிக்காதீர்கள்.

எங்கள் ஊரிலும் இதே சுடுகாட்டுப் பாதைதான் பிரச்சினை. ஒரு கார்த்திகை மாதம் பாடை தூக்கினவர்கள் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி நடந்தார்கள். ஒருவர் செருப்பு சேற்றுக்குள்ளேயே போய்விட்டது. குனிந்து எடுக்க முடியாது, தோளில் பாடை. அடுத்த ஜனவரி 26-க்கு பழைய குடைத் துணியைக் கிழித்துத் தெரு முழுக்கக் கட்டினோம். ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். "எப்போது எழுதிக் கொடுத்தீர்கள், நகல் காட்டுங்கள்" என்றார். ஒருத்தரிடமும் நகல் இல்லை. கிராம சபைக்கும் யாரும் போகவில்லை, அதனால் தீர்மானப் புத்தகத்தில் எங்கள் பாதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "பார்க்கிறோம்" என்றார். மத்தியானத்துக்குள் கொடிகளை அவிழ்த்துவிட்டோம். பாதை வர இன்னும் ஆறு வருஷம் ஆனது.

கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு உண்டு, குறைந்தது இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நீங்கள் வராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கறுப்புச் சட்டையோடு எல்லோரும் போய் உட்காருங்கள். கோரிக்கையைப் படியுங்கள். தீர்மானமாக எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் வாசகர்: கறுப்புக்கொடி கட்டினால் ஜெயிலா?

உங்கள் வீட்டு வாசலில் கறுப்புத் துணி கட்டுவதை 1971-ஆம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் குற்றமாகச் சொல்லவில்லை. தேசியக் கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது குற்றம். மூன்று வருஷம் வரை சிறை. பலருக்குத் தெரியாத ஒன்று: துக்கம் என்று சொல்லித் தேசியக் கொடியை நீங்களாக அரைக்கம்பத்தில் இறக்குவதும் 2003 திருத்தத்துக்குப் பிறகு அவமதிப்புதான். அதே கம்பத்தில் கறுப்புத் துணியும் கட்டாதீர்கள். தேசியக் கொடியைத் தொடவே தொடாதீர்கள். சாலையை மறித்தால் அது வேறு வழக்கு, அதற்கு வக்கீலைப் பாருங்கள்.

காட்பாடி கல்லூரி மாணவி: 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார், அண்ணா மறுத்தார். அதே அண்ணா 1965 ஜனவரி 26-ஐத் துக்க நாள் என்றார். இது முரண்பாடு இல்லையா ஐயா?

நல்ல கேள்வி அம்மா. வெள்ளைக்காரன் கையிலிருந்த அதிகாரம் பார்ப்பன, பனியா கைக்குப் போகிறது, திராவிடருக்கு இதில் விடுதலை இல்லை என்றார் பெரியார். அண்ணா அவர் கட்சிக்குள் இருந்துகொண்டே 'திராவிட நாடு' இதழில் மறுத்து எழுதினார், அந்நிய ஆட்சி போவதை வரவேற்கத்தான் வேண்டும் என்று. தலைவர் சொன்ன பிறகும் தொண்டர் வெளிப்படையாக மாற்றுக் கருத்து எழுத முடிந்தது. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

1965-இன் கதை வேறு. அரசியல் சட்டத்தின் 343-ஆம் பிரிவு ஆங்கிலத்துக்குப் பதினைந்து வருஷத் தவணை கொடுத்தது. தவணை முடிகிற தேதியே 1965 ஜனவரி 26. அன்றிலிருந்து இந்திதான் ஆட்சிமொழி என்றால், தமிழ் பேசுகிறவன் அந்த நாளை எப்படிக் கொண்டாடுவான்? அண்ணா குடியரசை மறுக்கவில்லை, அந்தத் தேதியில் வந்து விழுந்த இந்தியை மறுத்தார். முதல்வர் பக்தவத்சலம் எச்சரித்தார். 25-ஆம் தேதியே அண்ணாவைக் கைது செய்தார்கள். அப்புறம் மாணவர்கள் கையில் போராட்டம் எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடர வழி செய்தார்கள். முரண்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

சத்துவாச்சாரி வாசகர்: அண்ணாவைத் தூக்கிப் பிடிக்கப் பெரியாரை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

இல்லை. பெரியார் கேட்ட கேள்வி, சுதந்திரம் யாருக்கு என்பது. சேற்றில் பாடை தூக்கினவனும் அதையேதான் கேட்டான். 1947-இல் அந்த நாளை மொத்தமாக ஒதுக்கியது சரியா என்பதில்தான் நான் அண்ணா பக்கம்.

ராணிப்பேட்டை வாசகர்: தேசிய நாளையே மதிக்காதவர்களுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறீர்கள்?

ஜனவரி 26 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலை என்று தீர்மானித்தது; 1930 ஜனவரி 26-இல் நாடு முழுக்கக் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். அது போராட்ட நாள். அதை மறக்கக் கூடாது என்றுதான் 1950-இல் அரசியல் சட்டத்தை அதே தேதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் முன்னே, முதல் உலகப் போர் வெற்றிக்காக 1919-இல் அரசு நடத்திய சமாதான விழாவைப் புறக்கணிக்கச் சொன்னது, துருக்கி கலீபாவுக்காக இந்திய முஸ்லிம்கள் கூட்டிய கிலாபத் மாநாடு, காந்தியும் கூட இருந்தார். 1921 நவம்பர் 17-இல் வேல்ஸ் இளவரசர் பம்பாயில் இறங்கியபோது கடையடைப்பு. அவர் 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோது ராஜாஜி நம் வேலூர் சிறைக்குள் இருந்தார். விழாவைப் புறக்கணித்தவர்கள் எல்லாம் நாட்டை வெறுத்தவர்கள் என்றால் இவர்களை எங்கே வைப்பீர்கள்?

கடல் தாண்டியும் இதே தேதிதான். 1938 ஜனவரி 26, ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறி 150 வருஷம் என்று விழா. அன்று சிட்னியில் பூர்வகுடி மக்கள் கூடித் துக்க நாள் அனுசரித்தார்கள், குடியுரிமை கேட்டார்கள்.

ஆற்காடு வாசகர்: கறுப்புக்கொடி கட்டினால் கேஸ் போடுவார்களா?

குடியாத்தம் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். அரைக்கம்பம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆம்பூர் ஷூ கம்பெனி தொழிலாளி: ஆகஸ்ட் 15-லும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். எதிர்ப்பாக லீவு போடலாமா?

அது உங்கள் உரிமை. 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சம்பளத்தோடு விடுமுறை. வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லை என்றால் சம்பளமும் மாற்று விடுமுறையும்.

வாணியம்பாடி வாசகர்: பாலாற்றுக் கழிவுக்காகச் சுதந்திர தினத்தைப் புறக்கணித்தால் பலன் இருக்குமா?

பத்திரிகையில் படம் வரும். தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட மனுவால். புறக்கணியுங்கள், கூடவே காகிதமும் நடக்கட்டும்.

திருப்பத்தூர் வாசகர்: கறுப்புக்கொடி சட்டப்படி...

மூன்றாவது முறை. மேலே இருக்கிறது.

பேரணாம்பட்டுத் தாய்: அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா ஐயா?

அனுப்புங்கள் அம்மா. கையில் கறுப்புத் துணி கொடுத்து முன்னால் நிறுத்தாதீர்கள். மனசாட்சிப்படி தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக நின்ற பிள்ளைகளைக்கூடப் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அது பெரியவர்கள் சண்டை. பிள்ளை கொடியேற்றத்தைப் பார்த்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு வரட்டும்.

அணைக்கட்டுத் தம்பிக்கு ஒன்று. பழைய மனுக்களின் ரசீது எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. தீர்மானத்தின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.