வாசகர் கேள்வி: 90 மார்க் வாங்கிய கட்டடம்

கேள்வி: எங்கள் ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. மின்சிக்கன விதிப்படி கட்டியது என்று வாசலிலேயே பலகை. ஆனால் மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் மூன்று மணிக்கு மேல் முதுகு வேகிறது. பலகை சொல்வது நிஜமா என்று கரன்ட் பில்லை வைத்துக் கண்டுபிடிக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: பில் மட்டும் போதாது சார். 5,000 சதுர மீட்டர் கட்டடம் வருடத்துக்கு 7.5 லட்சம் யூனிட் இழுத்தால் சதுர மீட்டருக்கு 150 யூனிட். பக்கத்துக் கட்டடத்துக்கு 90தான் வருகிறது என்றால் உடனே அதை மெச்சிவிடாதீர்கள், அங்கே பாதி மாடிக்கு இன்னும் வாடகைக்கு ஆளே வந்திருக்காது, உங்கள் ஆபீஸில் மூன்று ஷிப்ட் ஓடும். ஆட்களின் பழக்கமும் கட்டடத்தின் தரமும் பில்லில் கலந்து கிடக்கின்றன.

நம் நாட்டில் இதற்கான விதி ஈசிபிசி, அதாவது கட்டடங்களுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பு. 2007இல் வந்தது, 2017இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின்படி இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த மின்தேவை 120 கேவிஏ தொட்ட வணிகக் கட்டடங்களுக்கு இது பொருந்தும், மாநில அரசு அறிவிக்க வேண்டும். உங்கள் முதுகு சமாச்சாரமும் அதில் இருக்கிறது: குளிர்ப் பிரதேசம் தவிர மற்ற ஊர்களில், வடக்கு நீங்கலான பக்கங்களில் கண்ணாடி வெயில் சூட்டில் 27 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடக்கூடாது. வெளியே நிழல் தடுப்பு வைத்திருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். பிளானில் அந்தக் கண்ணாடிதான் இருக்கும், சந்தேகமே வேண்டாம். மாட்டியது எது? ஸ்டிக்கரைக் கிழித்துத் துடைத்த பிறகு விதிப்படியான கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான், கண்ணாடி வந்திறங்கிய டெலிவரி சலானைக் கேளுங்கள். மொட்டைமாடி இன்னும் மோசம். மேலே தட்டு ஓடு பதித்துவிட்டால் அடியில் வெப்பத்தடுப்பு போட்டார்களா என்று உடைத்துத்தான் பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதே ஒருவர் வந்து பார்த்திருக்க வேண்டும், எத்தனை சைட்டில் அது நடக்கிறது?

நான் போன ஓர் ஆபீஸில், ஆளில்லாவிட்டால் விளக்கை அணைக்கும் சென்சார் அறைக்கு அறை இருந்தது. மீட்டிங் நடுவே அணைந்து தொலைக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நேர் வயர் கொடுத்துவிட்டார்கள். சென்சாரில் சிவப்புப் புள்ளி மட்டும் பாவம், மினுக்கிக்கொண்டே இருந்தது. செக்லிஸ்ட்டில் அதற்கு டிக்!

கேள்வி: அமெரிக்காவில் 90 சதவீதக் கட்டடங்கள் விதிப்படி இருக்க வேண்டும் என்றார்களாமே, எப்படி அளந்தார்கள்? (திருச்சி வாசகி)

பதில்: 2009 ஊக்கநிதிச் சட்டம் அது. பணம் வாங்கும் மாநிலங்கள் எட்டு வருடத்தில், புதிதாகக் கட்டும், புதுப்பிக்கும் கட்டடப் பரப்பில் 90 சதவீதத்தை விதிக்குள் கொண்டுவர வேண்டும். பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் முறை வகுத்துக் கொடுத்தது: ஒவ்வொரு வகையிலும் குலுக்கி எடுத்த 44 கட்டடம், ஒவ்வொரு அம்சத்துக்கும் முக்கியத்துவம் பார்த்து 3, 2, 1 என்று மார்க். அங்கேதான் இடித்தது. 90 மார்க் வாங்கிய கட்டடம் கோட்டைவிட்டது ஏசி கன்ட்ரோலாக இருந்தால்? சும்மா ஒரு லேபிளை விட்டதும் அதுவும் ஒன்றாகுமா? அப்புறம், ஒவ்வொரு தவறாலும் வருடத்துக்கு எத்தனை டாலர் வீணாகிறது என்று கணக்குப் போடும் பக்கம் போனார்கள். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. ஆனாலும் குலுக்கலில் வந்த ஓனர் உள்ளே விடாவிட்டால் அடுத்த கட்டடத்துக்குத்தானே போக வேண்டும், கதவைத் திறந்து விடுகிறவர் பெரும்பாலும் ஒழுங்காகக் கட்டியவராகத்தான் இருப்பார்.