கோடிக்கு விலைபோகும் குதிரைக்குட்டியும் பிளஸ் டூ படிக்கும் மகளும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ, உயிரியல் பாடப் பிரிவு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குச் சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு போய் வந்தவள். இப்போது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடக்கும் பந்தயக் குதிரை ஏலங்களை யூடியூபில் பார்த்துவிட்டு, இதுதான் என் வேலை என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். “ஒன்றரை வயசுக் குட்டி பல கோடிக்குப் போகுதுங்கறா. சூதாட்டக்காரங்க கூட்டத்துக்குள்ள பொம்பளப் புள்ளைய அனுப்பலாமுங்களா? இல்ல, இருக்கற நாலு ஏக்கர்ல ரெண்ட வித்து ஒரு குதிரை வாங்கிக் குடுத்தாப் பொழைச்சுக்குவாளா?” என்பது அவர் கேள்வி.

ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிலத்தை விற்காதீர்கள். ஒரு சென்ட் கூட வேண்டாம்.

2006இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்த ஏலத்தில் ‘தி கிரீன் மங்கி’ என்ற இரண்டு வயதுக் குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போனது. ஏலத்துக்கு முன் ஒரு ஃபர்லாங் (சுமார் 200 மீட்டர்) தூரத்தை 9.8 விநாடியில் ஓடிக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு மோதியவை உலகின் மிகப் பெரிய இரண்டு பண்ணைகள். அந்தக் குதிரை வாழ்நாளில் ஓடியது மூன்றே பந்தயம். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை, சம்பாதித்த பரிசு 10,440 டாலர். 1983இல் கென்டக்கியில் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு விற்ற ‘ஸ்னாஃபி டான்சர்’ பந்தயத் திடலையே மிதிக்கவில்லை. இனம் பெருக்கும் பொலிகுதிரையாகவாவது ஆகும் என்று பார்த்தால் அதற்கும் விந்து வளம் போதவில்லை.

மறுபக்கமும் உண்டு. 1,100 டாலருக்குக் கைமாறிய ‘ஜான் ஹென்றி’ 65 லட்சம் டாலருக்கு மேல் பரிசு வென்றது. 17,500 டாலருக்குப் போன ‘சியாட்டில் ஸ்லூ’ 1977இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் தட்டிச் சென்றது. ஸ்னாஃபி டான்சரின் தகப்பன் ‘நார்தர்ன் டான்சர்’ இருக்கிறதே, 1964 கென்டக்கி டெர்பியை வென்று பிறகு நூற்றாண்டின் தலைசிறந்த பொலிகுதிரைகளில் ஒன்றானது, அதைக் குட்டியாக 25,000 டாலருக்கு விற்க வைத்தபோது ஒருவரும் சீண்டவில்லை. உருவம் சிறியதாம்.

கண் பழகிய வல்லுநர், டாக்டர், எக்ஸ்ரே எல்லாம் கூடவே வைத்திருப்பவர்களின் கணக்கே இப்படித் தப்புகிறது. அவர்களால் பத்துக் குதிரை தோற்றாலும் பதினோராவதுக்குக் காத்திருக்க முடியும். இரண்டு ஏக்கர் பணத்தில் ஒரே ஒரு குதிரை வாங்குகிறவரால் முடியாது. அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் தீவனமும் டிரெய்னர் கட்டணமும் மாதாமாதம் கேட்கும்.

இதையே மகள் பக்கமிருந்து பாருங்கள். கிரீன் மங்கி தோற்றபோது நஷ்டப்பட்டவர் முதலாளி. அது பிறந்த ராத்திரி கண்விழித்தவர், லாடம் அடித்தவர், எக்ஸ்ரே பார்த்த டாக்டர், ஏலத்துக்குத் தயார் செய்து கொண்டுவந்தவர், ஏலம் விட்ட கம்பெனி, இவர்கள் எல்லோருக்கும் காசு வந்து சேர்ந்தது. உங்கள் மகள் போக வேண்டியது இந்த வரிசைக்கு. குதிரைக்கு முதலாளி ஆவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. குதிரையைப் பிறக்க வைத்து, வளர்த்து, விற்றுக் கொடுப்பது ஒரு கைத்தொழில். என் ஆலோசனை முழுவதும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் நிற்கிறது.

அந்தக் கைத்தொழில் எப்படிப்பட்டது என்று மகளுக்கும் தெரிய வேண்டும். ஏல வளையத்துக்குள் குட்டி சுற்றுவது ஓரிரு நிமிடம். அதற்குப் பின்னால் இரண்டரை வருட வேலை இருக்கிறது.

பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இந்த இனத்துக்குத் தரோபிரெட் என்று பெயர். இங்கிலாந்தில் 1791 முதல் வம்சப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். அதில் ஏற வேண்டுமானால் பொலிகுதிரை நேரில் சேர்ந்தே சினையாக வேண்டும்; சினை ஊசிக்கு இடமே கிடையாது. அதனால்தான் பெயர்பெற்ற பொலிகுதிரைகள் இருக்கும் ஊர்களைச் சுற்றியே பண்ணைகளும் வேலைகளும் குவிந்து கிடக்கின்றன: அமெரிக்காவில் கென்டக்கியின் லெக்சிங்டன், இங்கிலாந்தில் நியூமார்க்கெட், அயர்லாந்தில் கில்டேர். சில பொலிகுதிரைகளை ஆறு மாதம் வடக்கே வைத்திருந்து, பிறகு விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி அங்கே அடுத்த பருவத்துக்கு விடுகிறார்கள். கூடவே போகிற ஆட்களும் உண்டு.

வட பாதி உலகில் பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். டிசம்பர் 31 அன்று பிறந்துவிட்டால் மறுநாளே ஒரு வயது என்று கணக்கு. பந்தயத்தில் தன்னைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்த குட்டிகளோடு ஓட வேண்டிவரும். ஆகவே ஜனவரி பிறந்த பிறகு, ஆனால் கூடியவரை சீக்கிரம் குட்டி போட வைக்க வேண்டும். குதிரையோ இயல்பில் கோடை வெளிச்சத்தில் பருவத்துக்கு வரும் பிராணி. அதை ஏமாற்ற டிசம்பர் தொடக்கத்திலிருந்தே லாயத்தில் விளக்குப் போட்டு, ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கும்படி செய்கிறார்கள். சேர்க்கை முடிந்து இரண்டு வாரத்தில் டாக்டர் ஸ்கேன் பார்ப்பார். இரட்டைக் கரு என்றால் ஒன்றை அப்போதே நசுக்கிவிடுவார், ஏனென்றால் குதிரையின் வயிறு இரண்டைத் தாங்காது. விட்டால் பெரும்பாலும் இரண்டும் போகும், தாய்க்கும் ஆபத்து.

சினைக்காலம் பதினோரு மாதம். குட்டி பெரும்பாலும் ராத்திரியில்தான் பிறக்கும். பருவம் நடக்கும் மாதங்களில் பண்ணையில் ராத்திரிக் காவலுக்கென்றே ஆள் இருப்பார்கள், பெரிய பண்ணையில் ஒரே இரவில் இரண்டு மூன்று பிரசவம் சாதாரணம். குட்டி எழுந்து நிற்கிறதா, முதல் சில மணி நேரத்தில் சீம்பால் குடிக்கிறதா, மறுநாள் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பொலிகுதிரைக் கட்டணமே பல ஒப்பந்தங்களில் குட்டி எழுந்து நின்று பால் குடித்தால்தான் செலுத்த வேண்டியதாகும். பனி கொட்டும் பிப்ரவரியில் விடிகாலை மூன்று மணிக்கு, வைக்கோலில் முட்டிபோட்டுக் குட்டியின் காலைப் பிடித்து இழுப்பதுதான் இந்த வேலையின் நடு. வீடியோவில் கோட்டு சூட்டோடு விரலை உயர்த்துகிறார்களே, அவர்களில் நல்லவர்கள் பலர் இந்த வைக்கோலிலிருந்து எழுந்து வந்தவர்கள். மகளுக்கு இந்தக் காட்சி பிடிக்கவில்லை என்றால் இத்தோடு விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்த ஆண்டு ஏலம். கென்டக்கியில் கீன்லேண்ட் செப்டம்பர் ஏலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிகளைப் பட்டியலிடுகிறார்கள். 1766இல் லண்டனில் தொடங்கி இப்போது நியூமார்க்கெட்டில் இருக்கும் டாட்டர்சால்ஸ், அயர்லாந்தில் கோஃப்ஸ், பிரான்ஸின் தோவிலில் ஆர்கானா என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெரிய கடை. (டாட்டர்சால்ஸில் இன்றும் கின்னிக் கணக்கில்தான் விலை கேட்பார்கள், நாணயம் ஒழிந்து இருநூறு வருடமாயிற்று, ஒரு கின்னி என்றால் 1 பவுண்டு 5 பென்ஸ்.) ஏலத்துக்குப் பல வாரம் முன்பே குட்டியைக் கையில் பிடித்து நடத்தி, நிற்கப் பழக்கி, உடம்பு தேற்றுவார்கள். மூட்டுகளின் எக்ஸ்ரே படங்களை வாங்குகிறவர்களின் டாக்டர்கள் பார்க்கும்படி ஏலக் கூடத்திலேயே வைத்திருப்பார்கள். தொண்டைக்குள் கேமரா விட்டு மூச்சுக்குழலையும் பார்ப்பார்கள்.

படிப்பாளிப் பிள்ளைக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு பக்கம் ஏலப் பட்டியல். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம், அதில் பெரும்பகுதி தாய்வழி வரலாறு. உயர்தரப் பந்தயம் வென்ற உறவுகளின் பெயர் தடித்த பெரிய எழுத்தில், இரண்டாம், மூன்றாம் இடம் மட்டும் பிடித்தவை தடித்த சிறிய எழுத்தில். பிளாக் டைப் என்பார்கள். ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு நூறு பிள்ளைக்கு மேல் பிறக்கும் என்பதால் தகப்பன் ஒன்றாக இருப்பதை உறவாகவே எடுத்துக்கொள்வதில்லை; தாய் ஒன்றாக இருந்தால்தான் உடன்பிறப்பு. இந்தப் பக்கத்தைப் படித்து, குட்டியின் நடையைப் பார்த்து, இது எவ்வளவு பெறும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஏஜென்ட் ஆகிறார்கள். வாங்கிக் கொடுப்பதற்கு வழக்கமான கமிஷன் ஐந்து சதவீதம். நவம்பரில் பால்மறந்த குட்டியை வாங்கி, பத்து மாதம் வளர்த்து, மறு செப்டம்பரில் விற்று லாபம் பார்ப்பவர்களும் உண்டு. அது சொந்தப் பணத்தைப் போடும் வியாபாரம், உங்கள் மகளுக்கு இருபது வருடம் கழித்து யோசிக்க வேண்டியது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர் இரண்டு பக்கமும் காசு வாங்குவது உங்களுக்குப் புதிதல்ல. அங்கே துண்டு கிடையாது, மைக்கில்தான் விலை. ஆனாலும் அந்த வியாதி அங்கேயும் இருந்தது. விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ரகசியமாகக் கமிஷன் வாங்கிய வழக்குகளுக்குப் பிறகு, 2006இல் கென்டக்கியில் சட்டமே போட்டார்கள். நேர்மையான ஏஜென்ட் என்ற பெயர் எடுக்கப் பல வருடம் ஆகும்.

சூதாட்டம் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். பந்தயம் கட்டுவது வேறு, பண்ணை வேறு, சம்பளம் வாங்கும் வேலை வேறு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றமே, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்தான், சொல்லியிருக்கிறது. ஆனால் பண்ணைகளின் குட்டியை வாங்க ஆள் வருவது கடைசியில் பந்தயத்தில் புரளும் பணத்தால்தான், அந்தப் பணம் இந்தியாவில் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். கட்டும் முழுத் தொகைக்கும் 2023இல் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025இல் 40 ஆனது. ஊட்டி பந்தய மைதான நிலத்தை 2024இல் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. இந்தத் தொழிலை மட்டும் நம்பி இந்தியாவில் ஒரு வாழ்க்கையைத் திட்டமிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் கால்நடை மருத்துவப் படிப்பை முதலில் வைக்கிறேன். நமது கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பி.வி.எஸ்சி. ஐந்தரை வருடம், மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடத்துக்கு மட்டும் நீட். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்து தூரமில்லை. குதிரை ஆசை பாதியில் தணிந்தாலும் மாடு, ஆடு, கோழி, நாய் என்று பட்டம் சோறு போடும். தணியாவிட்டால் ராணுவத்தின் குதிரைப் பிரிவு, ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம், புனே, பெங்களூரு பக்கத்துப் பண்ணைகள், பிறகு வெளிநாடு.

குதிரை மருத்துவம் என்பது ஊசி போடுவதோடு நிற்பதில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2001 வசந்தத்தில் கென்டக்கி முழுவதும் சினைக் குதிரைகள் திடீரெனக் கரு கலைக்கத் தொடங்கின. ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கான குட்டிகள் போயின. தொற்று நோயா, விஷப் புல்லா என்று தேடிய கால்நடை விஞ்ஞானிகள், மரத்தில் கூடு கட்டும் ஒருவகை மயிர்க்கம்பளிப் புழு புல்லோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனதே காரணம் என்று கண்டார்கள். நம் நாட்டில் இன்னொரு கதை: புனேவின் பூனாவாலா குடும்பத்துக் குதிரைப் பண்ணை 1946இல் தொடங்கியது. வயதான குதிரைகளை, அவற்றின் ரத்தத்திலிருந்து சீரம் என்ற மருந்துப் பொருள் எடுக்க, அரசு ஆய்வகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், நாமே செய்தால் என்ன என்று 1966இல் ஆரம்பித்ததுதான் சீரம் இன்ஸ்டிட்யூட். கோவிட் தடுப்பூசியில் உங்கள் குடும்பமும் அவர்கள் வாடிக்கையாளராக இருந்திருக்கக்கூடும்.

மதிப்பெண் போதாமல் போனால் நேர்வழி ஒன்றுண்டு. கில்டேரில் உள்ள ஐரிஷ் நேஷனல் ஸ்டட் பண்ணையில், குட்டி ஈனும் பருவத்தை ஒட்டி, தங்கி வேலை செய்தபடியே கற்கும் ஏறக்குறைய ஆறு மாதப் படிப்பு இருக்கிறது. முன் அனுபவம் கேட்பார்கள். துபாய் ஆட்சியாளரின் கோடால்ஃபின் நிறுவனம் நடத்தும் ஃப்ளையிங் ஸ்டார்ட் இரண்டு வருடப் பயிற்சி, செலவு முழுவதும் அவர்களுடையது, பல நாடுகளுக்கு அழைத்துப் போவார்கள். ஆனால் உலகம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர்தான். மகள் பட்டம் முடித்துவிட்டு முயலட்டும். ‘குதிரைப் படிப்பு, வேலையோடு விசா’ என்று லட்சங்கள் கேட்கும் ஏஜென்சி எதற்கும் பணம் கட்டாதீர்கள். இவற்றுக்கெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

பெண் பிள்ளை என்ற கவலைக்கு: அயர்லாந்து, இங்கிலாந்துப் பண்ணைகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். அங்கே நான் கவலைப்படுவது உதைக்குத்தான். அரை டன் எடையுள்ள பிராணி மிரண்டால் ஆண் பெண் பார்க்காது. நல்ல பண்ணையில் ஹெல்மெட்டும் காப்பீடும் கேட்காமலே தருவார்கள். தராத இடத்தில் ஒரு நாளும் வேலை செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது.

இப்போது செய்ய வேண்டியது. மார்ச் தேர்வு முடிந்ததும் ஏப்ரல், மே. நம் நாட்டுப் பண்ணைகளிலும் குட்டிகள் பிறந்து முடியும் நேரம் அது. புனே பக்கமோ கர்நாடகத்திலோ ஏதாவது ஒரு பண்ணைக்கு, ஆறு வாரம் சம்பளமில்லாமல் லாயம் கூட்டவும் தண்ணீர் காட்டவும் தயார், தங்க இடம் தந்தால் போதும் என்று கடிதம் எழுதச் சொல்லுங்கள். மகளே எழுதட்டும், ஆங்கிலத்தில், பிழை இருந்தாலும் பரவாயில்லை. நாலைந்து பண்ணைக்கு எழுதினால் ஒன்றாவது பதில் போடும். முதல் தடவை நீங்களும் கூடப் போய், தங்குமிடத்தையும் மேலாளரையும் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஆறு வாரம் கழித்தும் குதிரை, குதிரை என்றால் கால்நடைக் கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பம் எது என்று உங்களுக்குக் குழப்பம் இருக்காது. பாஸ்போர்ட்டுக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.