வாயில் காயம்பட்ட கினிப்பன்றிக்கு முதலில் தேவை உணவு

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுள்ள இரண்டு ஆண் கினிப்பன்றிகள் இருக்கின்றன. நேற்று மாலை நடந்த சண்டையில் ஒன்று கூண்டின் மேல்தட்டிலிருந்து விழுந்துவிட்டது. கீழுதடு கிழிந்திருக்கிறது, மேல் முன்பல் ஒன்று பாதியில் உடைந்திருக்கிறது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். தீனித் தட்டின் அருகே போய் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது; மோவாய் ஈரமாகவே இருக்கிறது. குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதமிருக்கிறது. அதைக் கொடுக்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அமாக்சிசிலினை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்க வேண்டாம். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், நார்ச்சத்தைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்கள் கினிப்பன்றியின் குடலில் அழிந்து, அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்னும் நச்சுக்கிருமி பெருகிவிடும். சில நாட்களுக்குள் கழிச்சல் கண்டு அது இறந்துபோகலாம். கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் வீடுகளில் எந்தக் காயத்துக்கும் எடுத்துத் தடவும் நியோஸ்போரின் களிம்பிலும் கினிப்பன்றிக்கு ஆகாத பாசிட்ராசின் இருக்கிறது. உதட்டில் தடவினால் அது நேராக வயிற்றுக்குத்தான் போகும். காயத்தில் கிருமித்தொற்று இருந்தால், அதற்குப் பாதுகாப்பான வேறு மருந்தை எடையைக் கணக்கிட்டு மருத்துவர்தான் தர வேண்டும்.

உதட்டுக் கிழிசலைக் கண்டு நீங்கள் பதறுவது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, அது தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்ற வரிதான். கினிப்பன்றியின் குடல் இடைவிடாமல் இயங்க வேண்டிய ஒன்று. அரை நாளுக்கு மேல் உணவு உள்ளே போகாவிட்டால் குடலின் அசைவு குறையும், வாயு சேரும், வலி கூடும், வலியால் பசி மேலும் மங்கும். அதன்பின் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கிவிட்டால் மீட்பது மிகவும் கடினம். ஆகவே இன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலி அடங்கினால்தான் அது தானாக உண்ணும் என்பதால் வலிநிவாரணியைக் கேட்டு வாங்குங்கள். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாய், பூனைகளை மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவரைவிட, முயல்களுக்கும் சிகிச்சை தருபவர் அருகில் இருந்தால் அவரிடம் செல்வது நல்லது. எந்த மருந்து எழுதப்பட்டாலும், ‘இது கினிப்பன்றிக்கு ஒத்துக்கொள்ளுமா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

மருத்துவரிடம் போகும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் மென்மையாக அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடங்களில் நிற்காவிட்டால் அது அவசரநிலை. மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரில் பஞ்சை நனைத்து, மஞ்சளை ஒற்றி எடுத்துவிடுங்கள். அம்மா அக்கறையோடுதான் போட்டிருக்கிறார். ஆனாலும் பற்று காய்ந்து இறுகினால் அடியில் சீழ் கோத்திருக்கிறதா, சதை சிவந்திருக்கிறதா என்று தெரியாமல் போய்விடும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை வாயின் அருகிலேயே கொண்டுபோக வேண்டாம்.

வாயில் புண் இருக்கும்போது உருளைக்குண்டு வைத்த பாட்டிலில் தண்ணீர் குடிப்பது வலிக்கும். தட்டையான சிறு கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். வழக்கமாகத் தரும் பெல்லட்டை (குச்சி வடிவத் தீனியை) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்துக்கொள்ளுங்கள். கினிப்பன்றியைத் துண்டில் சுற்றி, நான்கு கால்களும் கீழே இருக்கும் நிலையிலேயே மடியில் வையுங்கள், மல்லாத்தக் கூடாது. ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சை, காயமில்லாத பக்கத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, அது மென்று விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த வாயைக் கொடுங்கள். இதில் அவசரம் ஆபத்தானது. அண்ணத்தின் பின்புறம் தொண்டைக்குச் செல்லும் வழி மிகச் சிறிய துளையாகவே இருப்பதால், வேகமாகச் செலுத்திய கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூக்கில் கூழ் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 80 மி.லி. வரை, ஐந்தாறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். பால், சோற்றுக் கஞ்சி, ரொட்டி எதுவும் அதன் குடலுக்கு ஆகாது. ஆனால், வயிறு உப்பிக் கல்போல் இருந்தாலோ, தாடை தொங்கினாலோ ஊட்ட முயலாமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

புண் ஆறுவதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் அதைத் தன் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்ற இரு ஆய்வாளர்கள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை ஆராயக் கினிப்பன்றிகளைப் பயன்படுத்தியது, இந்தக் குறை பின்னாளில் புரிந்துகொள்ளப்படுவதற்கு வழிவகுத்தது. இந்தச் சத்து குறைந்தால் ஈறு கசியும், பல் ஆடும், உதட்டோரப் புண் ஆறாமல் இழுத்தடிக்கும். நலமாக இருக்கும்போது கிலோ எடைக்கு நாளுக்குக் குறைந்தது 10 மி.கி. தேவை, காயம்பட்ட நிலையில் 30 முதல் 50 மி.கி. வரை தரப்படுவது வழக்கம். சொட்டு மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு நேரடியாக வாயில் கொடுங்கள். குடிநீரில் கலந்தால் அது விரைவில் வீரியம் இழந்துவிடும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். தானாகக் கொறிக்கத் தொடங்கியதும் குடைமிளகாயையும் கொத்தமல்லித் தழையையும் மெல்லிய கீற்றுகளாக நறுக்கி வையுங்கள். நெல்லிக்காய், ஆரஞ்சு போன்ற புளிப்பான பழங்கள் புண்ணில் எரியும், ஆறும்வரை வேண்டாம்.

உடைந்த பல்லைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். கினிப்பன்றியின் இருபது பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. வேர் சிதையாமல் இருந்தால் சில வாரங்களில் பழைய நீளத்துக்கு வந்துவிடும். உடைந்த நுனியில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் மட்டும் பல்லின் உட்சதை திறந்திருக்கிறது என்று பொருள், மருத்துவரிடம் காட்டுங்கள். எதிரில் உள்ள கீழ்ப்பல் தேய்வதற்கு இணை இல்லாததால் மிகையாக நீளக்கூடும். இயல்பிலேயே கீழ் முன்பற்கள் மேற்பற்களைவிட நீளமானவை என்பதை மறந்து, நகவெட்டியால் நறுக்கிவிடாதீர்கள். பல் நெடுக்காக வேர்வரை பிளந்துவிடும். உதடு ஆறிய பிறகும் எச்சில் வழிந்துகொண்டே இருந்தால், கடைவாய்ப் பற்கள் கூர்ந்து வளர்ந்து நாக்கைக் குத்துகின்றனவா என்று கருவி கொண்டு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அது தெரியாது.

வைக்கோல் போட்டு வளர்க்கிறீர்களானால், அதன் விறைத்த நுனிகள் புண்ணைக் குத்தும் என்பதால் இப்போதைக்கு எடுத்துவிட்டு, பூச்சிமருந்து படாத இளம் அறுகம்புல்லைக் கழுவி ஈரம் போகத் துடைத்துப் போடுங்கள். தரையில் மரத்தூளுக்குப் பதில் பருத்தித் துணி விரிப்பது நல்லது. இரண்டு ஆண்களையும் கம்பித் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுங்கள். ஒன்றையொன்று பார்க்கவும் குரல் கேட்கவும் முடிந்தால் தனிமையால் சோர்ந்துபோகாது. கூண்டில் மேல்தட்டு இனி வேண்டாம் என்பதே என் கருத்து.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். 50 கிராம் குறைந்தால் மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, புழுக்கை அடியோடு நின்றாலோ, இரவு என்றும் பாராமல் கொண்டு செல்லுங்கள். தானாக உண்ணத் தொடங்கிய பிறகும், எடை தொடர்ந்து சில நாட்கள் நிலையாக நிற்கும்வரை சிரிஞ்சுக் கூழை ஒரேயடியாக நிறுத்தாமல் வேளைவேளையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.