கம்பி வைத்த காலை எப்போது ஊன்றலாம்?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. பெங்களூரில் கணினி வேலை. நண்பர்களோடு காஷ்மீரில் குல்மார்க் போனவன், பனிச்சறுக்குப் பலகையில் விழுந்து இடது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பை முறித்துக்கொண்டான். ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் ஆகிறது. இப்போது கல்லிடைக்குறிச்சியில் எங்களோடு இருக்கிறான். வலி தாங்குகிற அளவுக்குக் காலை ஊன்றலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். என் மாமியாரோ, மூன்று மாதம் கால் தரையில் படக்கூடாது, எண்ணெய்க்கட்டுப் போடவேண்டும் என்கிறார். சாயங்காலமானால் பாதம் வீங்குகிறது. யார் சொல்வதைக் கேட்பது? மறுபடியும் பனிக்குப் போவேன் என்கிறானே, விடலாமா?

பதில்: டாக்டர் எழுதியதைக் கேளுங்கள் அம்மா. உங்கள் மாமியார் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் காலத்தில் மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோதான். எலும்பை உள்ளிருந்து பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது; அசையாமல் கிடந்தால்தான் கூடும். உங்கள் மகனுக்கு எலும்பின் நடுக்குழலில் மேலிருந்து கீழ்வரை கம்பி ஓடுகிறது. இரு முனையிலும் திருகாணி போட்டுப் பூட்டியிருப்பார்கள். ஊன்றும்போது பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். முறிந்த இடத்தில் அளவான அழுத்தம் விழுந்தால் புது எலும்பு நன்றாகவே வளரும். பிளேட் வைத்த காலுக்கும், மூட்டுக்குள் முறிவு ஓடிய காலுக்கும் இது பொருந்தாது. அவர்களைப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் ஊன்ற விடமாட்டார்கள். அதனால் தெருவில் யாருக்கோ சொன்ன கணக்கை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

இந்த எலும்பு முழுதாகக் கூட நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நம் வீடுகளில் கெட்டுப்போவது தொடைத் தசையும் கணுக்காலும்தான். பிள்ளை அடிபட்டு வந்துவிட்டான் என்று கட்டிலுக்கே காப்பியும் சாப்பாடும் போகும். தண்ணீர்ச் செம்பை எடுக்கக்கூட எழவிடமாட்டார்கள். ஆறு வாரத்தில் இடது தொடை வலதைவிட மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அளவு நாடா இருந்தால் முழங்கால் சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி இரண்டு தொடையையும் அளந்து எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

பயிற்சிக்கு ஓர் ஈரிழைத் துண்டு இருந்தால் போதும். அதைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, முழங்காலால் துண்டைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு தொடைப்பக்கம் மேலே ஏறுவது தெரியும். ஐந்து விநாடி பிடித்து விடவேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு நான்கைந்து வேளை. பிறகு அதே துண்டைப் பாதத்தின் முன்பக்கம் மாட்டி, காலை நீட்டிய நிலையில் தன்னை நோக்கி அரை நிமிடம் இழுக்கவேண்டும். கணுக்கால் இறுகிவிட்டால் குதிகால் தரையில் படாது, நடை நொண்டும்.

ஊன்றும்போது பயத்தில் எல்லோரும் முழங்காலை மடக்கி விரல் நுனியைத்தான் வைப்பார்கள். குதிகால்தான் முதலில் படவேண்டும். எவ்வளவு பாரம் கொடுக்கிறோம் என்பது பிடிபடவில்லை என்றால், எடை பார்க்கும் கருவியில் இடது காலையும் அதே உயரப் பலகையில் வலது காலையும் வைத்து நின்று, முள் 20 கிலோவைத் தொடும்வரை மெல்லச் சாயச் சொல்லுங்கள். காலுக்கு அந்த அளவு பழகிவிடும். பிறகு வலி அனுமதிக்கிறபடி ஏற்றிக்கொண்டே போகலாம். ஊன்றியபின் இலேசான வலி வந்து, இரவுக்குள் அடங்கிவிட்டால் அளவு சரி. மறுநாள் காலையிலும் நீடித்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவேண்டும்.

கக்கத்துக் கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் போக இடம் வேண்டும். பாரம் கைகளில் நிற்கவேண்டும், கக்கத்தில் அல்ல. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் உயரமான நிலைப்படியையும் செங்குத்தான மச்சுப்படியையும் நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. படுக்கையைக் கீழே போடுங்கள். ஆற்றுக்குப் போகிறேன் என்றால் விடாதீர்கள்; தாமிரபரணிப் படித்துறைப் பாசி நல்ல கால் இரண்டு உள்ளவரையே சறுக்கிவிடும். குந்துகிற கழிப்பறையும் சம்மணமும் இன்னும் சில மாதங்களுக்கு வேண்டாம். முட்டி போடும்போது முன்பக்கம் வலிப்பது இந்தக் கம்பிக்குப் பிறகு பலருக்கும் உண்டு. சிலருக்கு அது நீடிக்கவும் செய்யும்.

சாயங்கால வீக்கம் பல மாதம் இருக்கும். இதய மட்டத்துக்கு மேலே காலைத் தூக்கி வைத்தால் வடியும். ஆனால் கெண்டைக்கால் கல் போல இறுகி வலித்தாலோ, மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. காய்ச்சலும் தையல் இடத்தில் நீர்க்கசிவும் கண்டாலும் காத்திருக்கவேண்டாம்.

எண்ணெய்க்கட்டு வேண்டவே வேண்டாம். நேராக்கிப் பூட்டிய எலும்பில் அது செய்ய வேலை எதுவும் இல்லை; இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கால் அழுகவும் கூடும். மாமியாருக்கு வேறு வேலை கொடுங்கள்: கறுப்பு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். உளுந்தில் புரதமும் எள்ளில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. முட்டை, பால், முள்ளோடு தின்கிற நெத்திலி, உங்கள் வீட்டில் எது ஆகுமோ அது. ஆட்டுக்கால் சூப்பு குடிக்கலாம், ஆனால் பேரைக் கேட்டு நினைக்கிற அளவுக்கு அதில் சுண்ணாம்பு இல்லை. வைட்டமின் டி அளவை ஒருமுறை சோதித்துவிடுங்கள். நம்மூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, கணினி முன் இருப்பவர்கள் மேல் அது விழுவதில்லை. மகன் புகைப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். புகை எலும்பு கூடுவதைத் தள்ளிப்போடும் என்று அவர் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. பனிச்சறுக்குப் பலகையில் இரு பாதமும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். போடுவது மென்மையான பூட்ஸ். விழும்போது கணுக்கால் முறுக்கி, அதற்குள் இருக்கும் எலும்பின் வெளிவிளிம்பு உடைவது இந்த விளையாட்டுக்கே உரிய காயம். எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். சுளுக்கு என்று விட்டுவிடுவார்கள். கணுக்காலின் வெளிப்புற முண்டுக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் இன்னும் வலிக்கிறது என்றால் சி.டி. ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

உட்கார்ந்து செய்கிற வேலையை இப்போதே வீட்டிலிருந்து தொடங்கலாம், கால் முக்காலியில் இருக்கட்டும். பைக்குக்கு அவசரம் கூடாது. கியரும் இடது காலில்தான், சிக்னலில் பெரும்பாலும் தரையில் ஊன்றுவதும் அதே கால்தான். கட்டையில்லாமல் நொண்டாமல் நடந்து, இடது காலில் மட்டும் நிற்க முடிந்து, டாக்டரும் சரி என்ற பிறகு பார்க்கலாம். எக்ஸ்ரேயில் முன்னும் பக்கவாட்டுமாக எலும்புக்கு நான்கு ஓரம் தெரியும். மூன்றிலாவது புது எலும்பு பாலம் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பனிக்கு இந்தப் பருவம் முடிந்தது. அடுத்த குளிர்காலத்தில், ஒற்றைக் காலில் தாண்டும்போது இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே தூரம் போனால், தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கம்பியைக் கட்டாயம் எடுக்கவேண்டும் என்பதில்லை. எடுத்தால் அதற்குப் பிறகும் சில மாதம் பொறுக்கவேண்டும். போகிறவர் முதல் இரண்டு நாளாவது பயிற்சியாளரிடம் பாடம் எடுத்துக்கொண்டு, மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொள்ளட்டும். இந்தப் பலகையில் புதியவர்களுக்கு அதிகம் உடைவது மணிக்கட்டு.