புழு அரித்த கீரை நல்ல கீரைதானா?

கேள்வி: எங்கள் தோட்டத்தை ஒட்டி முன்பு பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை இருந்தது. கீரையில் புழுக்கள் ஏராளம். "புழுவே தின்னுதுன்னா மண்ணில் விஷம் இல்லை" என்கிறார் கணவர். எங்கள் 4 வயது மகளுக்கு இந்தக் கீரையைத் தரலாமா? புழுக்களைக் கோழிகளுக்குப் போடலாமா?

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம், அம்மா. பேட்டரிகளிலிருந்து மண்ணில் கலந்திருக்கக்கூடிய ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு என்று பரிசோதித்த பிறகு முடிவு செய்வோம்.

உங்கள் கணவர் சொல்வது பூச்சிமருந்துக்கு ஓரளவு பொருந்தும். உலோகத்துக்குப் பொருந்தாது. இலையோடு புழு விழுங்கும் உலோகத்தில் பெரும்பங்கு எச்சத்தில் வெளியேறிவிடும். மிச்சத்தைக் குடல் செல்களில் உள்ள ஒரு புரதம் பிடித்துக் கட்டிவைக்கிறது. தோலுரிக்கும்போது பழைய செல்கள் உதிர, அதிலும் கொஞ்சம் கழிகிறது. புழுப்பருவமோ சில வாரங்கள்தான். நம் சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஆகவே புழு உயிரோடு நெளிவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பூச்சி அண்டாத செடியை நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. நிக்கலை இலையில் குவித்து, அதனாலேயே பூச்சியிடமிருந்து தப்பும் செடிகள் உண்டு.

ஈயத்தில் பெரும்பகுதி மண்ணிலும் வேரிலுமே தங்கிவிடும். இலையில் இருப்பது பெரும்பாலும் ஒட்டிய தூசியும் தெறித்த மண்ணும். நன்றாக அலசினால் அது குறையும். காட்மியம் அப்படியல்ல. துத்தநாகமும் இரும்பும் போகும் வழியிலேயே செடிக்குள் நுழைந்து இலைவரை ஏறிவிடும். அமில மண்ணில் இன்னும் அதிகமாக ஏறும். கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. செடியும் பச்சைப்பசேலென்றே இருக்கும். அதன் சாற்றை உறிஞ்சும் அசுவினிக்கும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுக்கும் உலோகம் கைமாறுகிறது.

கோழியும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். அதுவும் புழுவைவிட மண்ணைக் கொத்தும்போது அதிகம் விழுங்கும். ஈயம் முட்டைக்கு வரும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். கோழிகளை அந்த மண்ணில் மேயவிடாதீர்கள்.

உண்மையில், கீரையைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உங்கள் மகள் விளையாடும் மண். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை ஏற்கும். சிறு குழந்தையின் உடல் பாதிவரை ஏற்றுக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் கூடும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் அழைத்துச் சென்று ரத்தத்தில் ஈய அளவு, ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. 'நச்சு நீக்கும்' மருந்து எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். அளவு மிகவும் உயர்ந்தால் மட்டுமே, மருத்துவமனைக் கண்காணிப்பில் தரும் சிகிச்சை அது.

அதுவரை அவள் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். செருப்பு வாசலோடு நிற்கட்டும், வீட்டுத் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். தோட்டத்தை விட மனமில்லையென்றால், வேறிடத்துச் சுத்தமான மண்ணைத் தொட்டிகளில் நிரப்பிப் பயிரிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.