பேரழிவு நடந்த இடங்களுக்கு ஏன் போகிறார்கள்?

“அத்தனை பேர் செத்த இடத்தைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பது வக்கிரம் இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தவர்களைப் பார்த்து வந்த கோபமாக இருக்கும். அப்படிப்பட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகப் போகிறவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். பலர் போவது தூரத்தையும் நேரத்தையும் கண்ணால் அளந்து பார்க்க. எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் இருந்தது, ஏன் தப்ப முடியவில்லை?

ஜப்பானில் இஷினோமாகி ஊரின் ஒகாவா தொடக்கப்பள்ளியைப் பாருங்கள். 2011 மார்ச் 11, பிற்பகல் 2:46க்கு நிலநடுக்கம். சுனாமி பள்ளிக்கு வந்தபோது மணி ஏறக்குறைய 3:37. நடுவில் 50 நிமிடம். ஏறக்குறைய அவ்வளவு நேரமும் பிள்ளைகள் மைதானத்திலேயே இருந்தார்கள். கடைசி நிமிடங்களில் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சற்று மேடான இடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆற்று வழியே ஏறி வந்த வெள்ளம் எதிரிலேயே வந்துவிட்டது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். கடல் அங்கிருந்து சுமார் 4 கி.மீ.; மைதானத்தில் நின்றால் தெரியாது. ஆனால் பள்ளிக்குப் பின்னாலேயே மலை இருக்கிறது. செய்தியில் படிக்கும்போது ‘மலை’ வெறும் ஒரு சொல். மைதானத்தில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று நெஞ்சில் அடிக்கும்.

போவதாக இருந்தால் நிமிட வாரியாக நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு சாய்ந்து கிடக்கும் பள்ளியின் கான்கிரீட் நடைபாலத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

உக்ரைனில் இருக்கும் செர்னோபில் அணுமின் நிலையம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1986 ஏப்ரல் 26இல் உலை வெடித்தது. மறுநாள் பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரின் சுமார் 49,000 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினார்கள். 2022 போர் வரும்வரை அங்கே வழிகாட்டியோடு போக முடிந்தது. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி கட்டாயம். தரையில் உட்காரவோ பையை வைக்கவோ கூடாது, வெளியில் எதையும் சாப்பிடக் கூடாது. வீம்புக்குப் போட்ட விதிகள் இல்லை இவை. உலையிலிருந்து பரவிய கதிரியக்கப் பொருளான சீசியம்-137 பாதியாகக் குறையவே சுமார் 30 வருஷம் ஆகும். அது மண்ணிலும் பாசியிலும் தங்கும். தோலில் பட்ட தூசியைக் கழுவிவிடலாம், விழுங்கியதைக் கழுவ முடியாது.

ஆனால் அங்கே ஆத்திரம் வருவது வேறொன்றுக்கு. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பொம்மை, அதன் முகத்தில் வாயுக்கவசம் என்று நீங்கள் பார்த்த படங்களில் பல, பின்னால் வந்தவர்கள் படத்துக்காக அடுக்கி வைத்தவை. ஓடிய குடும்பம் எதை எங்கே விட்டுப் போனது என்பதுதான் அந்த அறைகளில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி. அதையும் கலைத்துவிட்டார்கள். வக்கிரம் என்றால் இதைச் சொல்லுங்கள், நான் உங்கள் பக்கம்.

ஒகாவாவில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களே அந்த மலையைக் காட்டுகிறார்கள். அது பிள்ளைகளுக்குத் தெரியாத மலை இல்லை. பள்ளிப் பாடத்துக்காக அங்கே ஏறிக் காளான் வளர்த்திருக்கிறார்கள்.